கூட்டம் போட்டால் யாரும் வாய் திறப்பதில்லையே!

கேள்வி: பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். லைனில் 24 பேர். "யோசனை இருந்தால் சொல்லுங்கள்" என்று வாரா வாரம் கூட்டம் போடுகிறேன். இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். ஆனால் டீ நேரத்தில் மற்றவர்களும் நல்ல யோசனைகள் சொல்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, திருப்பூர்

பதில்: டீ நேரத்தில் வருகிறதென்றால் யோசனைக்குப் பஞ்சமில்லை, கூட்டம் நடக்கும் முறையில்தான் கோளாறு. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கிறார். அதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடும், அல்லது 'இதைப் போய்ச் சொல்வதா' என்று தோன்றிவிடும். 1958-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வில், நால்வர் கூடிப் பேசிக் கண்டதைவிட, நால்வர் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்தபோது ஏறக்குறைய இருமடங்கு யோசனைகள் கிடைத்தன. ஆகவே முதலில் எழுத்து, பிறகு பேச்சு.

1968-இல் ஜெர்மனியின் பெர்ன்ட் ரோர்பாக் வகுத்த 6-3-5 முறை உங்களுக்குப் பொருந்தும். ஆறு பேர், ஆளுக்கொரு தாள். ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை எழுதி, தாளை அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். அவர் அதைப் படித்துவிட்டு மேலும் மூன்று எழுதுவார். முழுச் சுற்றுக்கு 30 நிமிடம் ஆகும். நீங்கள் 15 நிமிடத்தில், இரண்டு கைமாறலோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங் எனப் பல வேலை பார்ப்பவர்களையும் கலந்து உட்கார வையுங்கள். இந்தியோ ஒடியாவோ பேசுகிறவர்கள் தம் மொழியிலேயே எழுதட்டும், வரையவும் செய்யட்டும்.

"உற்பத்தியை எப்படிக் கூட்டலாம்?" என்று கேட்டால் வெற்றுத் தாள்தான் வரும். "கழுத்து ரிப் வைக்கும் இடத்தில் பீஸ் ஏன் தேங்குகிறது?" என்று கேளுங்கள். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொன்னால் ஆறு தாளிலும் அதுவே திரும்பி வரும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிது பீஸ் ரேட், அதாவது தைத்த பீஸ் கணக்கில் தரும் கூலி. புது முறை பழகும் அன்று கை வேகம் குறையும், கூலியும் குறையும். அந்த நஷ்டத்தை டெய்லர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. சோதனை நடக்கும் இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய வாரச் சராசரிக் கூலியைத் தர நிர்வாகத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். யோசனை பலித்த பிறகு ரேட்டைக் குறைத்தால், அந்த லைனில் இனி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு யோசனையையாவது மறுநாளே மெஷினில் செய்து பாருங்கள். முடியாதவற்றுக்குக் காரணத்தை நேரில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அளவு தப்பினால் கட்டிங்கும் தையலும் ஒருவரை ஒருவர் குறை சொல்கின்றன. சேர்ந்து வேலை செய்ய வைப்பது எப்படி?
- வாசகர், ஈரோடு

பதில்: பேச்சை விட்டு அளவு நாடாவை எடுங்கள். தைக்கும் முன்பே, அடுக்கின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் ஒவ்வொரு பீஸை இரு மாஸ்டர்களும் சேர்ந்து அளக்கட்டும். பனியன் துணியை இழுத்து விரித்து வெட்டினால் பிறகு சுருங்கும். அப்போது வெட்டிய பீஸிலேயே அளவு குறைந்து நிற்கும். வெட்டும்போது சரியாக இருந்து, தைத்தபின் மாறியிருந்தால் டெய்லரின் இழுப்பையும், மெஷின் துணியை நகர்த்தும் ஃபீடையும் பாருங்கள். தப்பிய பீஸில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, பண்டல் எண்ணோடு கட்டிங் மேசையிலேயே மாட்டி வையுங்கள்.