இன்டர்ன் பிள்ளைகளுக்கும் சனிக்கிழமை சம்பளம் போடுங்கள்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் நடத்துகிறேன். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி ஏறிய அரசுக் கல்லூரி மாணவர்கள் ஆறு பேரை மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்கு எடுத்தோம். மாதம் 10,000 ரூபாய் கொடுத்தோம். இரண்டு பேர் முதல் மாதத்திலேயே நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் கருத்துப் படிவத்தில் ‘நன்றாக இருந்தது’ என்று மட்டும் எழுதினார்கள். தொகையைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: தொகையைத் தொடுவதற்கு முன், அந்தப் பணம் எந்தத் தேதியில் அவர்கள் கைக்குப் போனது என்று பாருங்கள். மாதம் முடிந்து, வருகைக் கணக்குப் பார்த்து, அடுத்த மாதம் ஏழாம் தேதியோ பத்தாம் தேதியோ அக்கவுன்ட்டில் ஏற்றுவதுதான் பெரும்பாலான அலுவலகங்களின் வழக்கம். உங்களிடமும் அப்படித்தான் என்றால், வேலைக்கு வந்த நாளிலிருந்து ஏறக்குறைய நாற்பது நாள் அந்தப் பிள்ளைகள் சொந்தக் காசில் இருந்திருக்கிறார்கள். அந்தக் காசு எங்கிருந்து வரும்?

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வரும் தாளவாடிப் பையன் தினமும் போய்வர முடியாது. ரூமுக்கு அட்வான்ஸ், மெஸ்ஸுக்கு முன்பணம், போட்டுக்கொள்ள இரண்டு சட்டை எல்லாமே முதல் வாரச் செலவு. கோபியிலிருந்து வருகிற பெண்ணுக்கு வேறு கணக்கு. இலவசப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில்தான், புறநகர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். மாணவர் பஸ் பாஸும் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையேதான் செல்லும். வட்டிக்கு வாங்கி அனுப்ப வேண்டிய நிலை வந்தால், ‘நீ வந்துரு சாமி’ என்றுதான் வீட்டில் சொல்வார்கள். பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று நாம் எழுதி வைத்துக்கொள்கிறோம். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம்.

உங்கள் ஃபேக்டரியில் டெய்லருக்கும் செக்கிங் அக்காவுக்கும் சனிக்கிழமை சம்பளம்தானே? மளிகைக் கடையும் மெஸ்ஸும் அந்தச் சனிக்கிழமையை நம்பித்தான் கடன் கொடுக்கின்றன. இன்டர்ன்களையும் அதே வாரக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். சேரும் நாளில் ஒரு தொகையைத் தனியாகக் கொடுங்கள், அதை ஸ்டைபண்டில் பிடிக்காதீர்கள். 2024-இல் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்திலேயே மாதம் 5,000 ரூபாய் போக, ஒருமுறை உதவியாக 6,000 ரூபாய் வைத்தார்கள். ஆனால் முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் அதில் சேர முடியாது என்றுதான் அப்போது விதி வைத்தார்கள். எனவே உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் செய்ய வேண்டும்.

எக்காரணம் கொண்டும் ‘கடைசியில் மொத்தமாகத் தருகிறோம்’ என்று போகாதீர்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நம் பக்கத்து நூல் மில்களில் இளம்பெண்களை மூன்று வருடம் கட்டிப்போட்டது அந்த ஏற்பாடுதான். பாதியில் வெளியேறியவர்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவே இல்லை.

பணத்தோடு தங்குமிடத்தையும் பாருங்கள். வாடகைக்கு வீடு கேட்டால் ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வி இன்னும் நம் ஊரில் இருக்கிறது. பட்டியல் சாதிப் பிள்ளையோ மலைக்கிராமத்துப் பழங்குடிப் பிள்ளையோ அந்தக் கேள்வியைத் தனியாக எதிர்கொள்ளும்படி விடாதீர்கள். ரூமை நிறுவனத்தின் பெயரில் எடுத்துக் கொடுங்கள். ஆள் எடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். ‘நம்ம ஆடிட்டர் சொன்ன பையன்’ என்று எடுத்தால், யாருக்காக இதைத் தொடங்கினீர்களோ அவர்களுக்குச் செய்தியே போய்ச் சேராது. கல்லூரியின் துறைத்தலைவரிடம் நேரடியாகக் கேளுங்கள். வகுப்பில் அறிவிக்கச் சொல்லுங்கள்.

கருத்துப் படிவம் பற்றிச் சொன்னீர்கள். சர்ட்டிஃபிகேட் கைக்கு வருவதற்கு முன்னால் முதலாளியிடம் யார் குறை சொல்வார்கள்? ‘நல்லா இருந்துச்சுங்க’ என்றுதான் சொல்வார்கள். சர்ட்டிஃபிகேட்டைக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து, அவர்கள் பயந்து பேச வேண்டியிராத ஒருவர், முந்தைய இன்டர்ன் ஒருவரே கூட, போனில் பேசட்டும். நின்றுபோன இரண்டு பேரிடமும் பேச வேண்டும். ‘ஏன் நின்றாய்’ என்று வேண்டாம், அது விசாரணை. ‘முதல் வாரம் எங்கே தங்கினாய், கையில் எவ்வளவு இருந்தது, மதியம் யாரோடு சாப்பிட்டாய்’ என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வருகிற பதில்தான் ஆர்டர்களைக் கவனிக்கும் உங்கள் மெர்ச்சண்டைசிங் பிரிவு அவர்களை எப்படி வைத்திருந்தது என்று காட்டும். ஆடை வாங்கும் பையரின் மெயிலை ஒருமுறைகூடப் படிக்க விடாமல் மூன்று மாதமும் எக்செல்லில் எண்களை ஏற்றச் சொல்லியிருந்தால் அதுவும் அந்தப் பேச்சில் வெளிவரும்.

இவ்வளவும் செய்த பிறகு தொகையைக் கூட்ட முடிந்தால் கூட்டுங்கள், நல்லதுதான். பணம் குறைவாக இருந்தால் ஆறு பேரை நான்காகக் குறைத்து, அந்த நான்கு பேருக்கும் ரூமும் முன்பணமும் கொடுங்கள் என்பேன்.

நன்றாகச் செய்தவர்கள் பட்டம் முடித்ததும் தேசியத் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சித் திட்டத்தில் உங்களிடமே ஒரு வருடம் தொடரலாம். 2019-இல் திருத்திய விதியில் பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால் பழகுநர்களை எடுப்பது சட்டப்படி உங்கள் கடமையும்கூட. சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியத்தில் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். ஜூனில் ரிசல்ட் வரும்போது அலைய வேண்டியிருக்காது.