மகள் ஸ்கேட்போர்டிங் புகைப்படக்காரர் ஆக வேண்டும் என்கிறாளா?

வணக்கம் ஐயா. பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் உங்கள் மகள், சக்கரம் வைத்த பலகையில் சாகசம் செய்யும் தொழில்முறை ஸ்கேட்போர்டர்களைப் படமெடுப்பதுதான் தன் வேலை என்று உறுதியாகச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறதா, இருந்தால் அதை நம்பி வாழ முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை இருக்கிறது, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. ஆனால் அதை மட்டுமே நம்பி வாழ்கிறவர்கள் மிகக் குறைவு. இதில் ஒரு பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிடாதீர்கள்.

முதலில் அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். மற்ற விளையாட்டுகளில் புகைப்படக்காரர் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து நீளமான லென்ஸில் எடுப்பார். தெரு ஸ்கேட்போர்டிங்கில் கோடும் கிடையாது, கேலரியும் கிடையாது. அலுவலகக் கட்டடத்தின் படிக்கட்டு, அதன் கைப்பிடிக் கம்பி, ஒரு சதுக்கத்தின் திண்ணை, இவைதான் களம். அதை ஸ்பாட் என்பார்கள். அங்கே ஒரு ஸ்கேட்போர்டர், வீடியோ எடுக்கும் ஃபிலிமர் ஒருவர், புகைப்படக்காரர், கூட வந்த நண்பர்கள் ஓரிருவர் இருப்பார்கள். ஒரே ட்ரிக்கை, அதாவது போர்டில் செய்யும் ஒரே சாகசத்தை, மணிக்கணக்கில் முயல்வார்கள். விழுவார்கள், எழுவார்கள், காவலாளி வந்து துரத்துவார், இன்னொரு நாள் திரும்பி வருவார்கள். இத்தனைக்கும் நடுவில் புகைப்படக்காரர் ஸ்டாண்டுகளில் இரண்டு மூன்று ஃபிளாஷ்களை நிறுத்தி, மிக அகலமான காட்சியை வளைத்துக் காட்டும் ஃபிஷ்ஐ லென்ஸைப் பிடித்துக்கொண்டு படியோரம் குனிந்து காத்திருக்க வேண்டும். பல சமயம் லென்ஸுக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இருக்காது.

கேமரா தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கேமராவைவிட ஸ்கேட்போர்டிங் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் இடது காலை முன்னால் வைத்து ஓட்டுகிறாரா வலது காலையா, கம்பியை முகம் நோக்கி அணுகுகிறாரா முதுகு காட்டியா என்பதைப் பொறுத்துத்தான் நாம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது முடிவாகும். தவறான பக்கம் நின்றால் முகம் வராது, முதுகுதான் வரும். எங்கிருந்து தாவினார், எங்கே இறங்கப்போகிறார் என்ற இரண்டும் படத்தில் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு அந்த ட்ரிக்கின் அளவே புரியாது. அப்புறம் கணம். போர்டைக் காற்றில் சுழற்றும் கிக்ஃபிளிப்பில், சுழன்று வரும் போர்டைக் கால்கள் பிடிக்கிற நொடி. கம்பியில் உரசிக்கொண்டு போகும் கிரைண்டில், சக்கரங்களைத் தாங்கும் உலோக அச்சு கம்பியின் மேல் முழுதாக உட்கார்ந்த நொடி. அதற்கு முன்னாலோ பின்னாலோ எடுத்தால், வெளியாட்களுக்கு அழகான படம், ஸ்கேட்போர்டருக்குக் குப்பை.

இன்னொரு விதியும் இருக்கிறது. இந்த உலகத்தின் நேர்மையே அதில்தான் இருக்கிறது என்பேன். ட்ரிக்கை முடித்து, விழாமல் ஓட்டிக்கொண்டு போனால்தான் படம் வெளியாகும். காற்றில் எவ்வளவு அற்புதமாக வந்திருந்தாலும், இறங்கும்போது விழுந்துவிட்டால் அது பெட்டிக்குள்தான் கிடக்கும். முடித்த ட்ரிக்காக இருந்தாலும், அந்த ஸ்கேட்போர்டரின் வீடியோவோ விளம்பரமோ வெளிவரும்வரை மாதக்கணக்கில் படத்தை யாருக்கும் காட்டாமல் வைத்திருக்க வேண்டியிருக்கும். அவசரப்பட்டு இணையத்தில் போட்டுவிட்ட இளைஞரை யாரும் மறுமுறை கூப்பிடமாட்டார்கள்.

அடுத்து வெளிச்சம். உங்கள் மகளின் எதிர்காலத்துக்கு நான் அதிகம் நம்புவது இதைத்தான். வழக்கமான கேமராக்களில் ஃபிளாஷோடு பயன்படுத்தக்கூடிய ஷட்டர் வேகம் பெரும்பாலும் 1/250 நொடியைச் சுற்றித்தான் நிற்கும். தாவும் உடலை உறைய வைக்க அது போதாது. ஃபிளாஷின் சக்தியைக் குறைத்தால் அதன் ஒளி மின்னும் நேரமும் குறையும், அந்த மின்னல்தான் அசைவை நிறுத்துகிறது. அதனால்தான் ஒரு பெரிய ஃபிளாஷுக்குப் பதில் சின்னச் சின்னதாகப் பலவற்றை வைக்கிறார்கள். பட்டப்பகலில் இது சிக்கல், சூரிய வெளிச்சமும் சேர்ந்து பதிவதால் ஷட்டரும் வேகமாக இருக்க வேண்டும். ஃபிலிம் காலத்தில் லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கும் ஹாசல்பிளாட் கேமராக்களைச் சிலர் தூக்கிக்கொண்டு அலைந்தது 1/500 வரை ஃபிளாஷ் ஒத்துழைக்கும் என்பதற்காகத்தான். இப்போது சோனி ஏ9 III போன்ற கேமராவில் எல்லா ஷட்டர் வேகத்திலும் ஃபிளாஷைப் பயன்படுத்தலாம். சொந்தத் தோளில் சுமக்கக்கூடிய கருவிகளை வைத்து, ஓடுகிற மனிதனுக்கு வெளியிடத்தில் ஒளியமைக்கத் தெரிந்தவருக்கு விளையாட்டு, விளம்பரம், இசை, ஃபேஷன் என்று எங்கும் வேலை உண்டு.

சரி, பணம். முன்பு பத்திரிகைகள்தான் அடித்தளம். 1981-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'திராஷர்' இன்னும் அச்சில் வருகிறது. 1983-ல் தொடங்கிய 'டிரான்ஸ்வேர்ல்ட் ஸ்கேட்போர்டிங்' 2019-ல் அச்சை நிறுத்திவிட்டது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கிடைத்த பணம் சுருங்கி, இப்போது பெரும்பங்கு ஷூ, போர்டு, உடை, பானம் விற்கும் நிறுவனங்களிடமிருந்து வருகிறது. மாதச் சம்பளத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் ஒரு நாளுக்கு இவ்வளவு, ஒரு படத்துக்கு இவ்வளவு, ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள். ஒரு மாதம் நிறைய வரும், அடுத்த இரண்டு மாதம் ஒன்றும் வராது. இதைத் தாங்கும் வீட்டுக் கணக்கு அவளுக்குத் தெரிய வேண்டும்.

பதிப்புரிமையைப் பற்றி அவள் இப்போதே படிக்கட்டும். ஒரே படம் பத்திரிகைப் பக்கத்தில் வரலாம், விளம்பரத்தில் வரலாம், ஷூ பெட்டியின் மேலும் வரலாம். ஒவ்வொன்றும் தனிப் பயன்பாடு, தனித் தொகை. 'எல்லா உரிமையும் எங்களுக்கே' என்று ஒரு வரி எழுதிய ஒப்பந்தத்தில் சின்னத் தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு தெருவெங்கும் தன் படத்தைப் பார்த்து மனம் நொந்த இளைஞர்கள் உண்டு. ஸ்பான்சரின் சின்னம் தெரியும்படி படம் பத்திரிகையில் வந்தால் ஸ்கேட்போர்டருக்குத் தனியாகப் பணம் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. ஆக, அவள் எடுக்கும் படத்தில் இன்னொருவரின் வருமானமும் இருக்கிறது. அதைப் புரிந்து நடந்துகொள்ளும் புகைப்படக்காரரை ஸ்கேட்போர்டர்கள் கைவிடமாட்டார்கள்.

இந்த வழியில் போனவர்களைப் பாருங்கள். கிளென் ஈ. ஃபிரீட்மன் எடுத்த படம் 1976-ல் 'ஸ்கேட்போர்டர்' பத்திரிகையில் வந்தபோது அவருக்கு 14 வயது. அவர் தன் நண்பர்களைத்தான் படமெடுத்துக்கொண்டிருந்தார். ஜே. கிரான்ட் பிரிட்டன் கலிபோர்னியாவின் டெல் மார் ஸ்கேட்பார்க்கில் வேலை பார்த்தவர். 1979-ல் அறைத்தோழரின் கேமராவை இரவல் வாங்கித் தொடங்கி, 'டிரான்ஸ்வேர்ல்ட்' பத்திரிகையின் முதல் புகைப்பட ஆசிரியராக வளர்ந்தார். 1987-ல் அதன் அட்டையில் வந்த அவருடைய புகழ்பெற்ற படத்தில் ட்ரிக்கே இல்லை. டாட் ஸ்வாங்க் என்ற ஸ்கேட்போர்டர் வெறுமனே காலால் தரையை உந்திப் போகிறார், அவ்வளவுதான். அடீபா ஜெஃபர்சன் கொலராடோவில் வளர்ந்து 1995-ல் கலிபோர்னியாவுக்குப் போனவர். ஸ்கேட்போர்டிங்கை விடாமலே கூடைப்பந்து, இசைக் கலைஞர்கள் என்று விரிந்தார். எனக்கு மிகச் சரியான முன்மாதிரியாகத் தெரிவது இவர்தான். இவர்கள் யாரும் வெளியிலிருந்து வாய்ப்புக் கேட்டு வந்தவர்கள் அல்ல. அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருந்தவர்கள்.

பெண் பிள்ளை என்று தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் முதன்முதலாகச் சேர்ந்தபோது மொத்தம் 80 பேருக்கு இடம் இருந்தது, அதில் சரிபாதி பெண்களுக்கு. பெண்கள் தெருப் பிரிவில் தங்கம் வென்ற மோமிஜி நிஷியாவுக்கு அப்போது 13 வயது. நிறுவனங்கள் பெண் ஸ்கேட்போர்டர்களை ஸ்பான்சர் செய்கின்றன, அவர்களை எடுக்கவும் ஆள் வேண்டும். இரவுப் படப்பிடிப்புகள் இருக்கும்தான். யாரோடு போகிறாள், எந்த இடம், எப்படித் திரும்புவாள் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. கேள்வி கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தடையாக மாற்றாதீர்கள்.

சட்டத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். பல ஸ்பாட்டுகள் தனியார் இடங்கள். போகச் சொன்னால் வாதாடாமல் போய்விட வேண்டும். அத்துமீறல் வழக்கு வந்தால் போர்டு ஓட்டியவரோடு கேமரா பிடித்தவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கருவிகளுக்குக் காப்பீடும் அவசியம். ஃபிஷ்ஐயின் முன்கண்ணாடி வெளியே புடைத்திருக்கும், அதன்மேல் பாதுகாப்பு ஃபில்டர் மாட்ட முடியாது. போர்டு தெறித்து வந்தால் லென்ஸ் போய்விடும்.

பட்டம் கேட்டு யாரும் இந்த வேலை தருவதில்லை. இருந்தாலும் படிப்பை விடச் சொல்லமாட்டேன். ஒளியமைப்பை முறையாகச் சொல்லித்தரும் புகைப்படப் படிப்போ காட்சித் தொடர்பியலோ படிக்கட்டும். அதில் மனமில்லை என்றால் வணிகம்கூடச் சரிதான், விலை சொல்லவும் ஒப்பந்தம் படிக்கவும் உதவும். கல்லூரி எங்கே என்று பார்க்கும்போது, பக்கத்தில் ஸ்கேட்போர்டர்கள் கூடும் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விலை உயர்ந்த கேமரா இப்போது வேண்டாம். பழைய பாடி ஒன்று, பழைய ஃபிஷ்ஐ ஒன்று, கையால் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் ஃபிளாஷ் இரண்டு, அவற்றை இயக்க ரேடியோ ட்ரிக்கர். ஓராண்டுக்கு இது போதும். அந்த ஓராண்டில் அவள் படங்களுக்கு எத்தனை லைக் வருகிறது என்று பார்க்காதீர்கள். ஸ்கேட்போர்டர்கள் புது ஸ்பாட்டுக்குக் கிளம்பும்போது அவளை அழைக்கிறார்களா என்று பாருங்கள். அழைத்தால், படிப்போடு சேர்த்தே இதைத் தொடரட்டும், முடிந்ததும் மறுபடி பேசுவோம். அழைக்காவிட்டால், ஃபிளாஷ் வேலை தெரிந்த விளையாட்டுப் புகைப்படக்காரராக அவளுக்கு வேறு வாசல்கள் இருக்கின்றன. அந்த விவரங்களோடு அவளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வாருங்கள்.