"உங்க மனசு யாருக்கும் வராதுக்கா!"

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். ஆறு மாதத்துக்கு முன் எதிர்வீட்டுக்குக் குடிவந்த பெண், அன்றிலிருந்து 'அக்கா, அக்கா' என்று உயிரை விடுகிறாள். என் கோலத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பாள். வாரம் தவறாமல் ஒரு கிண்ணம் குழம்பு வரும். போன வாரம், 'உங்க மனசு யாருக்கும் வராதுக்கா' என்றவள், தான் ஏலம் எடுத்த 5 லட்ச ரூபாய்ச் சீட்டுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறாள். சம்பளச் சான்று நகலும் கொடுத்துவிட்டேன். சந்தேகப்படுவது பாவமோ என்று உறுத்துகிறது.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பாவமெல்லாம் இல்லை. அதற்காக, ஆறு மாதமும் கணக்குப் போட்டுத்தான் குழம்பு கொண்டுவந்தாள் என்றும் சொல்ல மாட்டேன். உங்கள் கோலம் நிஜமாகவே அழகாக இருக்கலாம்.

புகழ்ச்சி இடம் மாறியதைப் பாருங்கள். கோலத்தைப் புகழ்ந்தால் சிரித்துவிட்டு உள்ளே போய்விடலாம். மனசைப் புகழ்ந்தால், அந்த மனசைக் காட்டியாக வேண்டும். ஐஸ் வைப்பதில் கைதேர்ந்தவர்கள் அங்கேதான் வந்து நிற்பார்கள். (இதே வார்த்தைக்கு மயங்கி வளையலை இரவல் கொடுத்து, திரும்ப வாங்க ஒரு வருஷம் நடந்தவள் நான்.)

ஜாமீன் என்பது சிபாரிசுக் கடிதம் அல்ல. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆவது பிரிவு: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன்பட்டவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவளிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வரவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது. அவள் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு போகலாம். உங்களுக்குப் பள்ளியும் சம்பளமும் அங்கேயேதான் இருக்கும். அரசு ஊழியர் ஜாமீன்தான் வேண்டும் என்று கேட்பது எதற்காக என்று நினைக்கிறீர்கள்?

'வீட்டுக்காரர் திட்டுவார்' என்று மட்டும் நழுவாதீர்கள். சாயங்காலமே 'அண்ணே' என்று அவரிடம் வந்து நிற்பாள். "நான் யாருக்கும் ஜாமீன் போடுறதில்லம்மா." அவ்வளவுதான். காரணம் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருப்பாள். முகம் சுருங்கும், சுருங்கட்டும். அடுத்த வாரமும் குழம்பு வந்தால் சந்தோஷமாக வாங்கி, கிண்ணத்தில் நாலு முறுக்கு போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

ஆனால் அந்தச் சம்பளச் சான்று நகலை இன்றே கேட்டு வாங்குங்கள். 'சீட்டு ஆபீசில் கொடுத்துட்டேனே' என்றால், 'நான் ஜாமீன் நிற்கவில்லை' என்று அங்கேயே நேரில் எழுதிக் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.