அஞ்சு என்று சொன்னதைத் திருத்தவில்லை

வணக்கம் மேடம்,

எனக்கு 23 வயது. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். போன அக்டோபரில் ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போனேன். ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்டினால்தான் விசா. அதற்காக அப்பா மாந்தோப்பை அடமானம் வைத்தார்.

அக்கா கல்யாணத்துக்காக இந்த மாதம் ஊருக்கு வந்தேன். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் திரும்ப டிக்கெட். எனக்குப் போக விருப்பமில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பரிலேயே வகுப்புக்குப் போவதைக் குறைத்துவிட்டேன். நாலரை மணிக்கே இருட்டிவிடும். அறையில் ஜன்னல் திரையைத் திறக்காமல் படுத்தே கிடப்பேன். ஊரிலிருந்து கொண்டுபோன ராகி மாவை, கூட இருப்பவர்கள் தூங்கிய பிறகு சமையலறையில் கிளறுவேன். ஒருநாள் ஒருத்தன் வந்து ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனான். அதன்பிறகு களி கிளறவே இல்லை.

பிப்ரவரியில் இரண்டு பரீட்சை எழுதினேன். ஒன்றில் 5.0 வந்தது. அங்கே 1.0தான் உச்சம், 5.0 என்றால் பெயில். போனில் அப்பா மார்க் கேட்டபோது "அஞ்சு" என்று வாயில் வந்துவிட்டது. "அஞ்சுக்கு அஞ்சா!" என்றார். நான் திருத்தவில்லை. மண்டியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். இப்போது நான் ரோட்டில் நடந்தால்கூட அதைச் சொல்லிக் கைகொடுக்கிறார்கள்.

தபாலில் வந்த எட்டு கவர்களைப் பிரிக்காமலேயே பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். ராத்திரி தூக்கமில்லை. காலையில் எழுந்திருக்காமலே போனால் நன்றாக இருக்குமே என்று சில நாள் தோன்றுகிறது. நான் திரும்பிப் போகவா, வேண்டாமா?

பெயர் வேண்டாம்
பாலக்கோடு

அன்புள்ள தம்பி,

கடைசியில் எழுதியதற்குத்தான் முதலில் பதில். எழுந்திருக்காமலே போனால் நன்றாக இருக்கும் என்ற எண்ணத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று ராத்திரி அது வந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிட வேண்டும் என்று தோன்றினால் தனியாக இருக்காதீர்கள். எந்நேரமானாலும் வீட்டில் யாரையாவது எழுப்புங்கள். தூக்கமின்மைக்கும் இந்த எண்ணத்துக்கும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். டிக்கெட் தேதிக்கு முன்பே.

சரி, இப்போது மற்றது. கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1960ல் கலாச்சார அதிர்ச்சி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எப்போது கைகொடுப்பது, எதை எங்கே வாங்குவது, ஒருவர் முகத்தை வைத்து என்ன நினைக்கிறார் என்று கண்டுகொள்வது, இப்படி யோசிக்காமலே செய்து பழகிய நூறு சின்ன விஷயங்கள் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகும்போது வரும் பதற்றம் அது என்கிறார். உங்கள் சமையலறை ராத்திரியை அப்படித்தான் பார்க்கிறேன். நம் ஊரில் ஒருத்தர் பேசாமல் ஜன்னலைத் திறந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. ஜெர்மனியில் குளிர்காலத்தில்கூட அறைக்குக் காற்றோட்டம் விடுவது தினசரிப் பழக்கம். அவன் முகம் சுளித்தானா, சும்மா திறந்தானா, எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாமலே களியை விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் மனசு கேட்கவில்லை.

வெளிச்சமும் ஒரு காரணம். டிசம்பரில் அங்கே பகல் எட்டு மணி நேரம்தான், நமக்கோ அப்போதும் பதினொன்றுக்கு மேல். வெயிலில் வளர்ந்த உடம்பு அதில் சுருண்டு படுப்பது சோம்பேறித்தனம் ஆகாது. ஏப்ரல் நடுவில் அங்கே பகல் 13 மணி நேரத்தைத் தாண்டும், ஜூனில் 16 மணி நேரம். நீங்கள் பார்த்தது அந்த நாட்டின் இருட்டான பாதியை மட்டும்தான்.

ஆனாலும் தம்பி, குளிரையும் இருட்டையும்விட உங்களை அழுத்துவது அந்த அஞ்சு என்றுதான் நினைக்கிறேன். ஊரிலேயே தூக்கம் வரவில்லையே, இங்கே ஏது இருட்டு? அதை வைத்துக்கொண்டு எடுக்கும் எந்த முடிவும் தப்பி ஓடுவதாகத்தான் இருக்கும், போனாலும் சரி, இருந்தாலும் சரி. அதனால் போகவா வேண்டாமா என்பதற்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன்.

முதலில் கவர்கள். காரிமங்கலமோ எங்கேயோ, அக்கா எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் பெட்டியோடு அங்கே போங்கள், அல்லது அவரை வரச் சொல்லுங்கள். நீங்கள் பிரியுங்கள், அவர் தேதியைக் குறிக்கட்டும். மொழி புரியாவிட்டால் போன் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துவிடும். அங்கே முக்கியமான விஷயம் பலவும் இன்னும் தபாலில்தான் வரும். மருத்துவக் காப்பீட்டுத் தொகை பாக்கி இருக்கிறதா, அடுத்த செமஸ்டருக்கான கட்டணம் கட்டியாயிற்றா, இந்த இரண்டையும் தேடுங்கள். கட்டணக் கெடு தாண்டியிருந்தால் அன்றைக்கே பல்கலைக்கழக அலுவலகத்துக்கு மெயில் போடுங்கள், தாமதித்தால் பதிவே ரத்தாகலாம். பெயிலான பரீட்சையைப் பொதுவாக மறுபடி எழுதலாம். எத்தனை தடவை என்பது உங்கள் படிப்பின் விதிகளில் இருக்கும். அங்கே மாணவர் நலனுக்கென்றே ஷ்டூடியரெண்டன்வெர்க் என்ற அமைப்பு உண்டு. பல ஊர்களில் அதிலேயே மனநல ஆலோசனையும் கிடைக்கும், பெரும்பாலும் இலவசம். போவதாக முடிவானால் இங்கிருந்தே எழுதி நேரம் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் அப்பா. வீட்டில் எல்லோர் முன்னாலும் வேண்டாம், மண்டியிலும் வேண்டாம். தோப்பில் இப்போது பிஞ்சு பிடித்திருக்கும், அதைப் பார்க்க அவரோடு போங்கள். "அப்பா, அன்னைக்கு அஞ்சுன்னு சொன்னேனே, அந்த ஊர்ல அஞ்சுன்னா பெயில். அப்பவே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன்." இவ்வளவு போதும். காரணங்களை அடுக்க வேண்டாம். அவர் கோபப்படலாம், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். நிற்கட்டும், நீங்களும் பக்கத்திலேயே நில்லுங்கள். மண்டியில் சொன்னது அவருக்குச் சங்கடம்தான், அந்தச் சங்கடத்துக்கும் அங்கேயே மன்னிப்புக் கேளுங்கள். தூக்கம் வராததையும் அந்த எண்ணத்தையும் அவரிடமோ அக்காவிடமோ அவசியம் சொல்லுங்கள்.

இதெல்லாம் முடிந்து நாலு நாள் கழித்து, போகவா என்று மறுபடி எனக்கு எழுதுங்கள். எட்டு கவரிலும் என்ன தேதி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.