வாசகர் கேள்வி: ஓட்டுநர் உரிமத்துக்கான வயதை 21 ஆக உயர்த்தலாமா?

கேள்வி: லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில் பள்ளிப் பிள்ளைகள் ஒரே வண்டியில் மூன்று பேராகப் பறக்கிறார்கள். பதினாறு வயதான என் மகனும் வண்டி கேட்டு அடம் பிடிக்கிறான். உரிமம் பெறும் வயதை 18-லிருந்து 21 ஆக உயர்த்தினால் இந்த ஆபத்து குறையாதா?
– ஒரு வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: உங்கள் கவலை நியாயமானது; ஆனால் வயதை உயர்த்துவது அதற்கு மருந்தாகாது. நீங்கள் பார்க்கும் பிள்ளைகள் 18 நிரம்பாதவர்கள். இப்போதுள்ள சட்டத்தையே மீறுகிறவர்களை 21 என்று திருத்திய சட்டம் எப்படித் தடுக்கும்? கடைசிப் பேருந்து போன பிறகு வேலை முடிந்து பைக்கில் வீடு திரும்பும் பத்தொன்பது வயது இளைஞர்தான் அதனால் தண்டிக்கப்படுவார். ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வாடகை ஜீப்பை ஓட்டவோ இப்போதே 20 வயது ஆகியிருக்க வேண்டும்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 16 வயதில் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வண்டியை மட்டுமே, அதுவும் உரிமத்தோடு. நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நிற்கும் எக்ஸ்எல் 100 வண்டியே ஏறத்தாழ 100 சிசி. ‘மொபட்தானே, லைசென்ஸ் எதற்கு’ என்று பெரியவர்களே சொல்லிச் சாவியைக் கொடுப்பதுதான் என்னை வருத்துகிறது. 2019-இல் வந்த திருத்தத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. ‘எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்’ என்றால், அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் பெற்றோருடையதே. இது மத்தியச் சட்டம் என்பதால் குமுளி சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் அந்தப் பக்கம் கேரளத்திலும் ஒன்றுதான்.

வயதைக் கூட்டுவதைவிட, உரிமத்தைப் படிப்படியாக வழங்குவதே பயன் தரும் என்று நம்புகிறேன். நியூசிலாந்தில் இடைநிலை உரிமம் பெற்றவர் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை பைக் ஓட்டக் கூடாது; பின்னால் ஆளை ஏற்றவும் கூடாது. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த நம் பாதைகளுக்கு இத்தகைய விதி மிகவும் தேவை.

உங்கள் மகன் 18 நிறைந்ததும் எல்.எல்.ஆர். எடுத்து, 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போகட்டும். பள்ளி நேரத்துக்குப் பேருந்து இல்லாததால்தான் வண்டி கேட்கிறான் என்றால், மற்றப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மனுக் கொடுங்கள்.