தார் பின்னச்சுக்கு எந்த லாக்கர்?

வணக்கம். 2013 மஹிந்திரா தார் சிஆர்டிஇ ஜீப், எஸ்டேட் ஏற்றத்தில் மழை பெய்தால் பின்சக்கரம் ஒன்று மட்டும் சும்மா சுழல்கிறது, ஆட்டோ லாக்கரா ஏர் லாக்கரா என்று கேட்டிருந்தீர்கள். (லாக்கர் என்பது ஓர் அச்சின் இரு சக்கரங்களும் சேர்ந்தே சுழலும்படி பூட்டும் கருவி.) தினமும் மலைப்பாதையில் ஓட்டுகிறீர்கள் என்பதால் என் ஓட்டு ஏர் லாக்கருக்கு.

லஞ்ச்பாக்ஸ் வகை ஆட்டோ லாக்கர் மலிவு. அச்சின் நடுவே, இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர்களைத் தாங்கும் கூடான பழைய கேரியருக்குள்ளேயே உட்கார்ந்துவிடும், அச்சைச் சுழற்றும் முக்கியப் பற்சக்கர ஜோடியான கிரவுன் பினியனைத் தொட வேண்டியதில்லை. ஆனால் அது இயல்பிலேயே பூட்டிய நிலையில்தான் இருக்கும். வளைவில் வெளிச்சக்கரம் வேகமெடுக்கும்போதுதான் பூட்டை விடும். கொண்டை ஊசி வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் விடாமல் பிடித்துக்கொள்ளும். ஈரச் சாலையில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

ஏர் லாக்கர் சுவிட்சைத் தட்டினால் மட்டுமே காற்றழுத்தத்தால் பூட்டும். செலவு அதிகம்தான்: கம்ப்ரசர், காற்றுக்குழாய், கூலி. கேரியரே மாறுவதால் பேக்லாஷை (கிரவுன், பினியன் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளியை) டயல் கேஜ் வைத்து அளந்து பார்க்கிற மெக்கானிக் வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள், ஆறு மாதத்தில் பினியன் ஊளையிடும். ஆர்டர் போடுமுன் அச்சுத்தண்டை உருவி அதன் முனையில் உள்ள ஸ்ப்லைன் பற்களை எண்ணி, கியர் விகிதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சக்கரம் தனியே சுழல்வதை ஓரளவு மட்டும் தடுக்கும் எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்)? சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பெரிதாக உதவாது. முன்னச்சு லாக்கர் இப்போதைக்கு வேண்டாம், பூட்டினால் ஸ்டீயரிங் திரும்ப அடம்பிடிக்கும்.

அப்புறம், டயர் என்ன போட்டிருக்கிறீர்கள்? வழுக்கல் வெறும் களிமண்ணால்தான் என்றால், முதலில் நல்ல மட் டயர் போட்டு, காற்றை 18–20 பிஎஸ்ஐக்கு இறக்கி அதே ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். திரும்பி வரும்போது காற்றை நிரப்ப மறக்காதீர்கள்.