வாசகர் கேள்வி – பதில்: கோரிக்கையும் பரப்புரையும்

கேள்வி: பெண் தொழிலாளர்களின் கூலிப் பிரச்சினையில் பணியாற்றும் சிறிய அமைப்பு ஒன்றில் இருக்கிறேன். அதிகாரிகளைச் சந்தித்து மனுக் கொடுப்பது, சட்டத் திருத்தம் கேட்டு வாதாடுவது போன்ற வேலைகளை ஒரு குழு செய்கிறது. துண்டறிக்கை, காணொளி, பத்திரிகையாளர் தொடர்பு ஆகியவை இன்னொரு குழுவின் பொறுப்பு. முதல் குழு கோரிக்கையை முடிவு செய்த பிறகு, இரண்டாவது குழு அதை எளிய மொழியில் வெளியிட வேண்டும் என்பதே எங்கள் நடைமுறை. இது சரியான முறைதானா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சரியான முறை என்று எனக்குத் தோன்றவில்லை. மக்களிடம் பேசுகிறவர்கள் கோரிக்கை உருவாகும்போதே அந்த அறையில் இருக்க வேண்டும். ஏனெனில், மக்களிடம் பேசிப் பார்க்கும்போது பல வேளைகளில் கோரிக்கையே மாறிவிடுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் உருவான வரலாற்றை இதற்குச் சான்றாகச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சென்னையில் பிறந்து, 1968-ல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, 1975-ல் அதிலிருந்து விலகிய அருணா ராயும், அவருடைய தோழர்களான நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரும் 1987-ல் ராஜஸ்தானின் தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் ஒரு சாதாரண மண்வீட்டில் குடியேறினார்கள். அப்பகுதி உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் சேர்ந்து 1990 மே 1 அன்று பீம் என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினர். வறட்சி நிவாரணப் பணிகளில் மண் வெட்டியவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்பதுதான் தொடக்கப் பிரச்சினை. அதாவது உங்கள் அமைப்பு எடுத்துக்கொண்டிருக்கும் அதே பிரச்சினை. அவர்களும் மனுக் கொடுத்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். "நீங்கள் செய்த வேலையின் அளவு குறைவு, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்ற பதிலே மீண்டும் மீண்டும் வந்தது. அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டால், அது அரசாங்க ரகசியம் என்றார்கள். வெள்ளையர் காலத்து 1923-ஆம் ஆண்டு ரகசியக் காப்புச் சட்டம் மண்வெட்டிக் கூலிக் கணக்குவரை நீண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் கோரிக்கை திசை மாறியது. "முழுக் கூலி கொடு" என்பது கூலிக்காரருக்கும் அரசுக்கும் இடையிலான வழக்கு. அதைக் கேட்கும் கடைக்காரரோ ஆசிரியரோ அனுதாபப்படலாம், அதற்கு மேல் அவருக்கு அதில் வேலையில்லை. "கணக்கைக் காட்டு" என்பதோ வரி கட்டும் ஒவ்வொருவரின் வழக்கு. "நம் பணம், நம் கணக்கு" என்ற முழக்கம் அப்படிப் பிறந்தது. கூலி வாங்குபவரும் வரி செலுத்துபவரும் ஒரே குரலில் சொல்லக்கூடிய வாக்கியம் அது; அதே நேரத்தில், எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் வேண்டும் என்று சுட்டிக்காட்டும் துல்லியமான சட்டக் கோரிக்கையும் அதுவே. உங்கள் அமைப்பின் நடைமுறையில் இத்தகைய வாக்கியம் பிறப்பது கடினம். ஏனென்றால், கோரிக்கை முடிவாகிப் பூட்டப்பட்ட பிறகே மக்களின் காதுக்கு அது எப்படி ஒலிக்கும் என்று யோசிக்கிறீர்கள்.

1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. எப்படியோ கிடைத்த பதிவேட்டு நகல்களை ஊர்ப் பொதுவெளியில், அந்தப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களின் முன்னிலையிலேயே உரக்க வாசித்தார்கள். இறந்துபோனவர்களும் பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்களும் வேலை செய்து கூலி வாங்கியதாக எழுதப்பட்டிருந்தது. முடிக்கப்படாத கட்டடங்கள் முடிந்துவிட்டதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. அவ்வாறு வாசித்ததைச் சான்று திரட்டல் என்பதா, செய்தி பரப்பல் என்பதா, அரசிடம் வாதாடுதல் என்பதா? மூன்றும் ஒரே மேடையில் ஒரே நேரத்தில் நடந்தன. அரசு அலுவலர்களும் பத்திரிகையாளர்களும் அழைக்கப்பட்டிருந்ததால் செய்தி வெளியே போயிற்று. ஊராரே சாட்சி சொன்னதால் மறுக்க வழியில்லாமல் போயிற்று. சங்கர் சிங்கின் பாட்டும் பொம்மலாட்டமும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கணக்கின் உள்விவகாரத்தைப் புரியவைத்தன. கலைநிகழ்ச்சியைக் கூட்டம் சேர்க்கும் உத்தியாக மட்டுமே நடத்தும் அமைப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே பாட்டு முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். இங்கே பாட்டின் பொருளே பதிவேடு.

1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரின் சாங் கேட் பகுதியில் தொடங்கிய தர்ணா 40 நாள் நீடித்தபோது, நகரத்துக் கடைக்காரர்களும் தொழிற்சங்கத்தினரும் காய்கறியும் பணமும் கொடுத்து அதைத் தாங்கினார்கள். நாடாளுமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், எந்தக் கட்சியையும் சேராத ஒரு கூட்டம் அரசுக் காகிதங்களைக் கேட்டுத் தெருவில் உட்கார்ந்திருந்தது தேசிய அளவில் பத்திரிகையாளர்களின் கவனத்தை ஈர்த்தது. 'ஜனசத்தா' நாளிதழின் நிறுவன ஆசிரியரான பிரபாஷ் ஜோஷி போன்றோர் அங்கு வந்ததற்கு, கூலிக்காரர்கள் கேட்கும் உரிமை பத்திரிகையாளரான தமக்கும் இல்லாத உரிமை என்று அவர்கள் உணர்ந்ததும் ஒரு காரணம். அதே ஆண்டில் பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், முன்னாள் அதிகாரிகள் ஆகியோர் இணைந்து மக்களின் தகவல் உரிமைக்கான தேசிய இயக்கத்தை உருவாக்கினர், நீதிபதி பி.பி.சாவந்த் தலைமையிலிருந்த இந்தியப் பத்திரிகை மன்றம் சட்ட வரைவு ஒன்றைத் தயாரித்தது. செய்தி எழுதுபவர்கள் சட்டம் எழுதுவதிலும் பங்கெடுத்தது அப்படித்தான். நாடாளுமன்றம் 2005 மே மாதத்தில் நிறைவேற்றிய தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 12-ல் நடைமுறைக்கு வந்தது.

கேள்வி: எங்கள் ஊர் நீர்நிலை ஆக்கிரமிப்பைப் பற்றி ஒரு நாளிதழ் பெரிதாகச் செய்தி வெளியிட்டது, பொறுப்பிலிருந்தவர்களும் நடவடிக்கை எடுப்பதாக உறுதியளித்தார்கள். மாதங்கள் ஓடிவிட்டன, எதுவும் நடக்கவில்லை. பத்திரிகையால் பயனில்லை என்று எங்கள் இளைஞர்கள் சொல்கிறார்கள்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பத்திரிகை தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலையைச் செய்ய ஆளில்லாமல் போயிருக்கிறது என்று தோன்றுகிறது. மேலே சொன்ன ராஜஸ்தான் போராட்டத்திலிருந்தே இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

1995 ஏப்ரலில் அன்றைய முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், உள்ளாட்சிப் பணிகளின் ஆவண நகல்களை மக்கள் பெறலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நாளிதழ்களில் அது செய்தியாகவும் வந்தது. ஆனால் ஓராண்டுவரை அதற்கான அரசாணை வரவில்லை. பியாவர் தர்ணாவின் அடிப்படையே அந்த வாக்குறுதிதான்: புதிதாக எதையும் கேட்கவில்லை, நீங்கள் சட்டமன்றத்தில் சொன்னதை எழுத்தில் கொடுங்கள் என்று உட்கார்ந்தார்கள். செய்தி நறுக்கு அவர்களுக்கு வெற்றிச் சின்னமாகத் தெரியவில்லை. அதை அரசு கொடுத்த கடன் பத்திரமாகவே கருதினார்கள். உங்களுக்கு உறுதியளித்தவர் யார், எந்தத் தேதியில், எந்தச் சொற்களில் சொன்னார் என்பதை எழுதி வைத்திருக்கிறீர்களா? அந்தத் தேதியையும் சொற்களையும் அடுத்த மனுவின் முதல் வரியில் வைத்து, அதே செய்தியாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். செய்தியாளர் தானாகத் திரும்பி வரமாட்டார். அவருக்கு அடுத்த செய்தி ஒன்று வேண்டும்.

இரண்டாவது நிகழ்ச்சி விசித்திரமானது. 1997-ல் ஜெய்ப்பூரில் 50 நாட்களுக்கும் மேலாகத் தர்ணா நடந்த பிறகு, ஊராட்சி ஆவணங்களின் நகல் பெறும் உரிமையை ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்பே அரசிதழில் வெளியிட்டுவிட்டோம் என்று அரசுத் தரப்பில் அறிவித்தார்கள்! உரிமை கேட்டுத் தெருவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே அந்த உரிமை வந்துவிட்ட செய்தி தெரியவில்லை. நிர்வாகம் தன் வசதிக்காக மௌனத்தை எப்படிப் பயன்படுத்தும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆகவே உங்கள் இளைஞர்களில் ஒருவரையாவது அரசாணைகளையும் மாவட்ட நிர்வாகத்தின் உத்தரவுகளையும் தொடர்ந்து படிக்கும் பணிக்கு ஒதுக்குங்கள். உங்கள் ஊருக்கான உத்தரவு ஏதாவது ஒரு கோப்பில் ஏற்கெனவே கிடக்கவும் கூடும்.

கேள்வி: பாதிக்கப்பட்டவர்களின் படங்களை வெளியிட்டால்தான் மக்கள் மனம் இரங்குகிறார்கள். ஆனால் அது அவர்களை இழிவுபடுத்துவதாகவும் தோன்றுகிறது. எல்லை எங்கே?
– வாசகி, புதுச்சேரி

பதில்: அந்தப் படம் யாரை நோக்கிப் பேசுகிறது என்று முதலில் கேளுங்கள். தமிழர்கள் பெருமளவில் வாழும் கோலார் தங்கவயலில், துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் பெசவாடா வில்சன். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும், தங்கள் எல்லைக்குள் உலர் கழிப்பறையே (கழிவை ஆள் கொண்டு அள்ள வேண்டிய, நீர் வசதியற்ற கழிப்பறை) இல்லை என்று மாநில அரசுகள் மறுத்துவந்தன. வில்சனும் அவருடைய தோழர்களும் நடத்தும் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் என்ற துப்புரவுத் தொழிலாளர் இயக்கம் 2003-ல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றபோது, ஊர் ஊராக எடுத்த படங்களையும் விவரங்களையும் அந்த மறுப்புக்கு எதிரான சான்றாக வைத்தது. 2014 மார்ச் 27 அன்று வந்த தீர்ப்பு, 1993 முதல் சாக்கடைக் குழிகளில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உத்தரவிட்டது. அத்தொகையை 2023-ல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது.

அந்தப் படங்கள் இரக்கம் கேட்கவில்லை. பொய் சொல்கிறீர்கள் என்று அரசிடம் கூறின. படத்தில் இருப்பவர்களும் படம் எடுத்தவர்களும் ஒரே சமூகத்தினர் என்பதும் முக்கியம். நன்கொடை அட்டையில் அச்சிடுவதற்காக அழுகிற முகத்தைத் தேடுவதை நான் ஏற்கமாட்டேன். சம்பந்தப்பட்டவரிடம் படத்தைக் காட்டி, எங்கே வெளியாகும் என்பதைச் சொல்லி, வேண்டாம் என்றால் விட்டுவிடுவதுதான் குறைந்தபட்ச நாகரிகம். கையெழுத்து வாங்கிக்கொள்வது மட்டும் சம்மதம் ஆகிவிடாது.

கேள்வி: ஹேஷ்டேக் பரப்புரைகளால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: யாரிடம், எந்தத் தேதிக்குள், எதைக் கேட்கிறோம் என்பது தெளிவாக இருந்தால் சில நேரங்களில் நடக்கிறது. அது இல்லாவிட்டால் ஒரு நாள் இரைச்சலோடு முடிந்துவிடுகிறது.

கேள்வி: சட்டம் வந்துவிட்டால் பரப்புரைக் குழுவின் வேலை முடிந்துவிடும் அல்லவா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் அப்போதுதான் கடினமான பகுதி தொடங்குகிறது. தகவல் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. நாம் பெருமைப்படலாம்தான். ஆனால் பரவலான மக்கள் இயக்கம் எதுவும் பின்னால் இல்லாமல் பிறந்த அந்தச் சட்டத்தில் விலக்குகள் மிகுந்திருந்தன. அதைப் பயன்படுத்தியவர்களும் குறைவு. மத்தியச் சட்டத்தின் கதை வேறு. 2006-ல் கோப்புக் குறிப்புகளை, அதாவது கோப்புகளில் அதிகாரிகள் எழுதும் கருத்துகளை, அதன் வரம்பிலிருந்து விலக்க அரசு முயன்றபோது, சட்டத்தைப் பயன்படுத்திப் பழகியிருந்தவர்கள் நாடெங்கும் எதிர்த்ததால் அந்தத் திருத்தம் கைவிடப்பட்டது. அதே வலிமை எப்போதும் கைகொடுக்கும் என்றும் சொல்வதற்கில்லை. தகவல் ஆணையர்களின் பதவிக் காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசே முடிவு செய்ய வழிவகுத்த 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், கடும் எதிர்ப்புக்கு இடையிலும் நிறைவேறியது.

நமக்கு நெருக்கமான இன்னொரு சட்டத்தைப் பாருங்கள். கடைகளில் நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்யும் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று, கோழிக்கோட்டுப் பெண் தொழிலாளர்கள் நடத்திய நெடிய போராட்டத்தின் தொடர்ச்சியாகக் கேரளம் 2018-ல் சட்டம் திருத்தியது; தமிழ்நாடு 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. இன்றும் நம் கடைத்தெருக்களில் நின்றுகொண்டே இருக்கும் பெண்களைக் காண்கிறோம். அவர்களில் பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரிந்திருக்காது. தெரிந்தவர்களுக்கோ முதலாளியின் எதிரில் உட்காரத் துணிவு வர வேண்டும். உங்கள் பரப்புரைக் குழு அடுத்து அச்சிடும் துண்டறிக்கையில் தலைவர்களின் படங்களுக்குப் பதிலாகப் பிரிவு எண்ணையும், புகார் பெற வேண்டிய தொழிலாளர் துறை அலுவலகத்தின் முகவரியையும், தனியாகப் போகத் தயங்கும் பணியாளருடன் துணைக்கு வரக்கூடிய உங்கள் உறுப்பினரின் தொலைபேசி எண்ணையும் அச்சிடுங்கள். அதைக் கடை முதலாளியிடமும் ஒன்று கொடுத்துவிடுங்கள்.